வேண்டாம் என்று சொல்லப் பழக்கியவர்

டாக்டர் சரோஜினி இறந்த செய்தியை அவருடைய குழந்தைகள் வார்டு நர்ஸ் மேரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்னார். நான் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டாக்டரம்மா காத்தால போயிட்டாங்க மேடம். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதானுங்க. சொந்த ஊரு அந்தியூருக்கே கொண்டுபோறாங்க" என்றார். பிறகு, "உங்க ரெண்டு பேர் ஆராய்ச்சி இனி என்னாகுமுங்க?" என்று கேட்டார். அன்று வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் அவரை 'புன்னகை மாறாத முகம்' என்று எழுதியிருந்தார்கள். அவரோடு பழகியவர்களுக்கு உண்மை தெரியும். அவர் கோபக்காரர். கோபப்படக் காரணங்களும் இருந்தன. அவற்றை மூடிவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நான் புள்ளியியல் கற்பிப்பவள், மருத்துவம் தெரியாது. ஒருநாள் அவர் என் அறைக்குள் வந்து, "ஏனுங்க, கணக்கு டீச்சர் நீங்கதானுங்களா?" என்றார். உட்காரவில்லை. "பெரியவங்க மாத்திரைய எடைக்குத் தக்கன ஒடைச்சுக் குடுத்துட்டிருக்கறோமுங்க. கொழந்தைன்னா சின்ன சைஸ் மனுசன்னு நெனச்சுப்போட்டாங்க" என்று கோபமாகச் சொல்லி, என்னைக் கையோடு வார்டுக்கு அழைத்துப் போனார்.

அங்கே அன்னூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மடியில், பிறந்து சில நாளே ஆன குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வலிப்புக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண், "இவ புள்ளையப் பாருங்க, தங்கம். சத்தமே இல்ல. என்ற புள்ளதான் ஊரைக் கூட்டுது" என்றாள். தாய்க்குப் பெருமை. சரோஜினி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். முகம் மட்டும் லேசாகச் சுருங்கியது. "அழுவாத கொழந்தையப் பாத்தா எனக்குப் பயமுங்க டீச்சர்" என்றார். பிறந்த புதிதில் அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போவதில்லை, சேர்ந்துகொண்டே இருக்கும். சில வாரம் கழித்து அதே குழந்தைக்கு அதே அளவு போதாமல் போகும் என்று விளக்கினார். அடுத்த வேளை மருந்தை நிறுத்தினார். இரண்டொரு நாளில் குழந்தை கரகரத்த குரலில் அழத் தொடங்கியது. "போச்சு, இதும் ஆரம்பிச்சுருச்சு" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. சரோஜினி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"எவ்வளவு குடுக்கலாம்னு யாருக்கும் சரியாத் தெரியாதுங்க. ஊகத்துல குடுக்கறோம். ஆராய்ச்சி பண்ணாம இருக்கறோமே, அதுதானுங்க கொழந்தைங்க மேல பண்ற பெரிய ஆராய்ச்சி" என்றார்.

பெரியவர்களிடம் செய்வதுபோல ஒருவரிடமே மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தால் பச்சைக்குழந்தை தாங்காது. "ஒரே கொழந்தைகிட்ட எல்லாத்தையும் கேக்கக்கூடாதுங்க. ஆளுக்குக் கொஞ்சம் சொல்லட்டும்" என்பது அவர் வகுத்த முறை. சர்க்கரை பார்க்க எப்படியும் குதிகாலில் குத்துகிறார்கள். அப்போதே கூடுதலாகச் சில துளி எடுத்துக்கொள்வது. ஒரு குழந்தைக்கு மருந்து கொடுத்த சிறிது நேரத்தில், இன்னொன்றுக்கு வெகுநேரம் கழித்து. சிதறிக் கிடக்கும் அந்தப் புள்ளிகளிலிருந்து ஒரு வளைகோட்டைக் கண்டுபிடிப்பது என் வேலை.

தாயின் சம்மதம் கேட்பதில்தான் அவர் எல்லாரையும் எரிச்சல்படுத்தினார். நம் பக்கத்தில் டாக்டர் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள், "ஆகட்டுங்க, நீங்க பாத்துச் செஞ்சாச் சரிங்க" என்று பதில் வந்துவிடும். அதைச் சம்மதம் என்று ஏற்க அவர் மறுத்தார். ஆய்வு தொடங்குமுன்பே, கேட்கும் முறையை மட்டும் வார்டில் சோதித்துப் பார்த்தார்.

"அம்மணி, மொதல்ல எங்கிட்ட ஒருக்கா வேண்டாம்னு சொல்லுங்க."

அன்னூர்ப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அதெப்படிங்க, டாக்டரம்மாகிட்டப் போயி..."

"சொல்லுங்க கண்ணு. வைத்தியம் நிக்காது. சொல்லிப்போட்டு அப்பறம் யோசிங்க."

"வேண்டாமுங்க."

"இது உங்க புள்ளைக்கே கேட்டிருக்காது."

அடுத்த முறை அவள் உரக்கச் சொன்னாள். வார்டே சிரித்தது. சிலர் சொல்லிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சம்மதித்தார்கள். சிலர் வேண்டாம் என்பதிலேயே நின்றார்கள். அவர்களுடைய குழந்தைகளைத்தான் மறுநாள் அவர் முதலில் போய்ப் பார்த்தார்.

ஆய்வுக்கு அனுமதி தரும் மருத்துவமனைக் குழுவின் முன் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தலைவர் சொன்னார்: "வேண்டாம்னு சொல்ல நீங்களே கத்துக்குடுத்தா எந்தத் தாயிங்க சேருவா? அப்பறம், ஆளுக்கு நாலு துளின்னா கிராப் எப்படிங்க வரும்?" இன்னொருவர், "டாக்டரம்மா கொழந்தைகிட்டயும் கையெழுத்து வாங்குவாங்களாட்டம் இருக்குது" என்றார். சிரித்தார்கள். "அதுக்குப் பேச வந்தாக் கேட்டிருப்பேனுங்க" என்றார் சரோஜினி.

அனுமதி கிடைக்கவில்லை, மறுக்கப்படவும் இல்லை. "பாக்கலாமுங்க" என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதுவே பதில். அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நேராக மறுத்திருந்தால் அவர் வேறு இடம் தேடியிருப்பார். அந்த நேர்மைகூட அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. அதுவரையில் வார்டில் மாத்திரையை உடைத்துக் கொடுத்தார்கள். இன்றும் உடைக்கிறார்கள்.

இரங்கல் கூட்டத்தில் அதே தலைவர் அவருடைய பொறுமையைப் பற்றி நெகிழ்ந்து பேசினார். அவரைக் காக்க வைத்தவர் அவருடைய பொறுமையைப் பாராட்டியதை நான் கைகட்டிக்கொண்டு கேட்டேன். பிறகு காப்பி கொடுக்கும் இடத்தில் தலைவர் என்னிடம் வந்தார்.

"மேடம், டாக்டரம்மா பேர்லயே அந்த ஸ்டடியப் பண்ணிப்போடலாமுங்க. ரத்தம் வழக்கம்போல மணிக்கொருக்கா எடுத்துக்கலாம். அந்த வேண்டாம் கூத்த மட்டும் எடுத்துருங்க. கணக்கு நீங்க பாத்துக்குங்க. சரிதானுங்களே?"

நானும் இந்த ஊர்க்காரிதான். 'ஆகட்டுங்க' என்பது நாக்கில் தயாராக இருந்தது.

"வேண்டாமுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். காப்பி டம்ளர்களோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சரோஜினி வகுத்த முறையை ஒரு வரி மாற்றாமல் மீண்டும் அந்தக் குழுவின் முன் வைக்கப்போகிறேன். அந்த முறையும், மாற்றச் சொல்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு சொல்லும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. அந்தச் சொல்லை முதல் தடவையிலேயே உரக்கச் சொல்ல நான் இன்னும் பழக வேண்டும்.