கூட்டுக்கு ஒரு பச்சைத் திரை

என் அக்கா பறவைகள் காப்பகத்தின் வாசலில் டிக்கெட் கொடுப்பவள். சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. ஆனால் அன்றைக்கும் அங்கேதான் போவாள், எங்கள் தெருப் பிள்ளைகள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு, படம் வரைய. நானும் கூடப் போவேன்.

"லீவுலயும் அதே வாசலா?" என்பாள் அம்மா.

"வாரம் பூரா வெளியில உட்கார்றேன்மா. ஒரு நாளாவது உள்ளே போறேனே."

மூன்றாவது சனிக்கிழமை வாலு வேலையைக் காட்டிவிட்டாள். கூட்டத்தில் சின்னவளுக்கு நாங்கள் வைத்த பேர் அது. கொண்டைக்குருவிக் கூட்டை வரைய உட்கார்ந்தவள், இலை மறைக்கிறது என்று தாள் வெட்டும் கத்தரியால் முன்னாலிருந்த கிளையையே நறுக்கிவிட்டாள். மூன்று குஞ்சுகள் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தாய் கிட்டே வரவில்லை.

காவலர் ஓடி வந்தார். "படம் வரையறாங்களாம், படம்! இன்னையோட மூட்டையைக் கட்டும்மா."

"கத்தரியைக் கொடுத்தது நான்தான் சார். ஒரு மணி நேரம் கொடுங்க. தாய் திரும்பலேன்னா நானே நிறுத்திடறேன்."

வெட்டின கிளைக்குப் பதிலாகத் தொங்கவிட, தூரிகை துடைக்க வைத்திருந்த பழைய துணியை அக்கா புல்லில் விரித்தாள். பிள்ளைகள் பச்சையை அப்பினார்கள்.

"இதென்ன, கடை போர்டா?" என்றாள் அக்கா. " குருவி பயந்து ஊரை விட்டே ஓடும். முதல்ல இலையைப் பாருங்க."

பார்த்தார்கள். முற்றிய இலை கறுத்திருந்தது, கொழுந்து சிவந்திருந்தது. பூச்சி தின்ற ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு. துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டைகளை வரைந்தாள்.

காய்ந்ததும் காவலர் கையை நீட்டினார். "கொடுங்க, நான் கட்டறேன். நீங்க யாரும் கிட்டே போகாதீங்க."

தள்ளி உட்கார்ந்தோம். அந்தப் பதினோரு வாயும் ஒன்றாய் மூடியிருந்து நான் பார்த்ததேயில்லை. தாய்க்குருவி பக்கத்துக் கிளைக்கு வந்தது, பறந்துவிட்டது. வாலு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி வந்தபோது அதன் அலகில் ஒரு புழு. துணியின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. சட்டென்று உள்ளே போனது.

யாரும் கைதட்டவில்லை. அக்கா கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

"அடுத்த வாரம் வரலாமா சார்?" வாலு கிசுகிசுத்தாள்.

காவலர் யோசித்தார். "இருபது அடி தள்ளி உட்காரணும்."

"முப்பது" என்றாள் அக்கா. எழுந்துபோய், அடி அடியாக எண்ணி எல்லைக்கு ஒரு கல்லை நட்டுவிட்டுத்தான் வந்தாள்.