பச்சையில் நின்ற முள்

ஓமந்தைச் சந்தியில் கார் திருத்தும் கராச் வைத்திருந்த ஐயாத்துரைக்கு, எங்கேயாவது ஏலம் என்றால் வீட்டில் கால் தரிக்காது. அறுபத்திரண்டாம் ஆண்டு, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவரின் சாமான்கள் மாத்தளையில் ஏலம் போயின. மனைவி விமலேஸ்வரியின் இரண்டு பசுக்களை விற்ற காசோடு போனவர், ஒரு இயந்திரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஆளுயர இரும்புப் பெட்டி. நெஞ்சில் மணிக்கூடு போல ஒரு வட்டம். காரின் என்ஜினில் வயரைக் கொழுவினால் முள் ஓடும். பழுதென்றால் சிவப்பில் நிற்கும், நல்லதென்றால் பச்சையில்.

“பசு பால் தந்தது. இது என்ன தரும்?” என்றாள் விமலேஸ்வரி.

“பொறுத்துப் பாருமன்.”

அதிகம் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. அது ஆறு வோல்ட் பற்றரி போட்ட பழைய கார்களுக்கென்று செய்தது. முதலில் வந்து நின்றதோ பன்னிரண்டு வோல்ட் புதுக்கார். வயரைக் கொழுவியதும் முள் துள்ளிப்போய்ப் பச்சையில் விழுந்தது. உள்ளே ஏதோ கருகி மணத்தது. அதன் பிறகு எந்தக் காரைக் காட்டினாலும், காரே இல்லாவிட்டாலும் பச்சைதான்.

விற்கப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் கராச்காரர்கள், “இந்தக் காலத்தில உந்தப் பெட்டியை ஆர் வாங்குவினம்?” என்று சிரித்தார்கள். பழைய இரும்பு வாங்கும் ஏரம்பு மட்டும் இரும்பு விலைக்கு நிறுத்து எடுப்பதாகச் சொன்னார். அந்தக் காசு ஒரு கன்றுக்குட்டிக்கும் காணாது.

அப்போதுதான் வவுனியாவிலிருந்து கார்த் தரகர் நடராசா தேடி வந்தார். “ரெண்டு பசுவின்ர விலையும் தாறன் அண்ணை.”

ஐயாத்துரைக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் மனம் கேட்கவில்லை. “தம்பி, ஒளிக்காமல் சொல்லுறன். உது பழுது. எதில கொழுவினாலும் பச்சைதான் காட்டும்.”

“தெரியும் அண்ணை. அதுக்குத்தானே வந்தனான். கார் வாங்க வாற சனத்துக்கு முள்ளைக் காட்டினாப் போதும்.”

ஐயாத்துரை அடுப்படி வாசலைப் பார்த்தார். பசுக்கள் போன நாளிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசாத விமலேஸ்வரி அங்கே நின்றாள்.

“ஓட்டைக் காரை ஆரோ ஒராளின்ர தலையில கட்டவோ? வேண்டாம். ஏரம்பரிட்டையே குடுங்கோ.”

மறுநாள் ஏரம்புவின் லொறியில் பெட்டி ஏறியது. ஆனால் லொறி கிளம்பவில்லை. நாலு பேர் தள்ளியும் அசையவில்லை.

“ஐயாத்துரை, உந்த மெசினில ஒருக்காக் கொழுவிப் பாப்பமோ?” என்றார் ஏரம்பு, வேர்வையைத் துடைத்தபடி.

“கொழுவுங்கோ. நல்ல லொறியெண்டு சொல்லும். நீங்கள் இங்கையே நிக்கலாம்!”

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். சிரிப்பு அடங்கவில்லை. அதைக் கேட்டதும் ஐயாத்துரைக்கும் உற்சாகம் பிறந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, லொறியின் அடியில் நுழைந்தார்.