கத்திரிப் பாத்தியும் கெண்டைத் தொட்டியும்

மீனுக்குச் சோறு போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. குளக்கரையில் நின்று பொரியை வாரி இறைத்துவிட்டு, ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட முகத்தோடு கையைத் தட்டிக்கொண்டு போவார்களே, அவர்களை நிறுத்தி நாலு கேள்வி கேட்கத் தோன்றும். கேட்டும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நேரத்தில் என் கணவர் யாரோ எவரோ போல நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி, வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தேன். மாதா கோயிலைச் சுற்றி எங்கள் ஆட்களின் வீடுகள், அதற்கு அப்பால் நெல்லும் கரும்பும். ஆசிரியர் பயிற்சி முடித்த பெண் என்றுதான் என்னைத் தேடிப் பிடித்தார்கள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் ஓர் இடம் காலியாகிறது, வருகிறாயா என்று அங்கிருந்த தலைமை சிஸ்டர் கேட்டார். வீட்டில் வந்து சொன்னேன். அப்போது மட்டும் எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது.

"இன்னா கொற வெச்சோம் உனக்கு? மூணு வேளையும் சோறு இல்லியா இந்த வூட்ல?" என்றார் மாமியார்.

கணவர் மில்லில் ஷிப்டு முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றதும் சரிதான" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

சோறு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அந்த வீட்டில் சோற்றுக்குக் குறையே கிடையாது. தலைவலி என்றால் ரசஞ்சோறு வரும். அம்மா ஞாபகம் வந்து அழுதால் முட்டை அவித்துத் தருவார்கள். நான் எதற்கு வாயைத் திறந்தாலும் அதில் ஒரு கவளத்தை வைத்து மூடிவிட்டு, மருமகளை ராணி மாதிரி வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

மாமனார்தான் ஒரு வழி சொன்னார். மாடுகளை விற்றபின் தோட்டத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி சும்மா கிடந்தது. அதில் மீன் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே காய்கறி வளர்க்கலாம், பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒருநாள் நான் உளறியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்.

"செஞ்சி காட்டேன். உன் தொட்டி மீனும் உன் கத்திரிக்காயும் போட்டு ஒரு கொழம்பு வெச்சி எனக்கு ஊத்து. அன்னிக்கே பள்ளிக்கூடம் போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

என்னால் முடியாது என்ற தைரியத்தில்தான் சொன்னார். எனக்கு ரோஷம் உச்சந்தலைக்கு ஏறியது. சரி என்றேன்.

எனக்கு ஒரு எழவும் தெரியாது. மீனின் கழிவு செடிக்கு உரம், செடி தண்ணீரைச் சுத்தமாக்கி மீனுக்குத் திருப்பித் தரும் என்று வகுப்பில் கேட்டதோடு சரி. தொட்டியை ஒட்டிச் செங்கல் அடுக்கி, உயரமாக ஒரு பாத்தி கட்டினேன். தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு பாத்தியில் ஊற்ற வேண்டும். அது செடிகளின் வேர் வழியே இறங்கி, மறுபக்கம் வைத்த கூரை ஓட்டின் வழியாகத் தொட்டியிலேயே விழ வேண்டும். முதலில் பாத்தியில் தோட்டத்து மண்ணைக் கொட்டினேன். நாலு வாளி ஊற்றியதும் மண் முழுக்கக் கரைந்து தொட்டிக்குள் போய்விட்டது. சேற்றைப் பார்த்து மாமனார் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். அழுதுகொண்டே அத்தனையும் அள்ளிக் கொட்டினேன். பிறகு ஆற்று மணலும் கூழாங்கல்லும் கொண்டுவந்து நிரப்பி, கத்திரி நாற்று நட்டேன்.

ஏரியில் வலை போடுகிறவரிடம் கெண்டைக் குஞ்சு வாங்கினேன். விரால் வாங்கியிருக்கலாம். விரால் சேற்றில்கூடக் கிடந்து பிழைக்கும். எனக்கென்ன தெரியும், கெண்டை பார்க்க அழகாக இருந்தது.

காலையும் மாலையும் தோள் கழன்றுபோகும்வரை மொண்டு ஊற்றினேன். கத்திரி பிடித்துக்கொண்டது. மீனும் விரல் கனம் தாண்டியது. ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால் அத்தனை கெண்டையும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பாவிப் பொண்ணே, வாயில்லா ஜீவன இப்டிப் பட்டினி போட்டு வெச்சிருக்கிறியே" என்று மாமியார் பழைய சோற்றைக் கொண்டுவந்து கொட்டினார். நானும் பசி என்றுதான் நினைத்தேன். தவிடு பிசைந்து போட்டேன். மறுநாள் தண்ணீர் நாறியது, வாய்கள் இன்னும் பெரிதாகத் திறந்தன. வாளியை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன். ஓட்டிலிருந்து தண்ணீர் சலசலவென்று விழ விழ, மீன்கள் அந்த இடத்தில் வந்து கூடின. கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கீழே போய்விட்டன. போட்ட தவிடு அப்படியே கிடந்தது. ஒன்றுகூடத் தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பசியில்லை. தண்ணீரில் காற்று இல்லாமல் மூச்சு வாங்குகிறது. நாம் போடுகிற சோறு அழுகி, இருக்கிற காற்றையும் தின்றுவிடுகிறது.

இதை அந்த வீட்டில் புரியவைக்க நான் பட்ட பாடு! "தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு இன்னாடி மூச்சு?" என்றார் மாமியார். "சோறு போடாதீங்க அத்தே, தண்ணி மொண்டு ஊத்துங்க" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டேதான் இருந்தார். பாசம் அவருக்கு. நான் சொல்வதைக் கேட்க மட்டும் மனசு வராது.

இருந்தாலும் அழுகியதை அள்ளிக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு எப்படியோ காப்பாற்றிக்கொண்டு வந்தேன். கத்திரி காய்த்தது. கெண்டை குழம்பு வைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் குழம்பு என்று மாமனாரிடமே சொன்னேன்.

திருவிழா நல்ல கோடையில் வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். விடிவதற்கு முன்னாலிருந்து நான் அடுப்படியில் கிடந்தேன். கறி, சோறு, மறுபடி கறி. தொட்டிப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. தோட்டத்திலிருந்து சத்தம் மட்டும் கேட்டது.

"வாயத் தொறக்குது பாரேன், சோறு கேக்குது!"

"இந்தா, ரொட்டியப் போடு. ஐய, இன்னா அழகா வருது!"

கணவரைக் கூப்பிட்டு, "நாலு வாளி தண்ணி மொண்டு ஊத்துங்க, யாரையும் ஒண்ணும் போட விடாதீங்க" என்றேன். "தோ ஊத்தறேன்" என்றார். ஊற்றவில்லை. விருந்தாளியைத் தடுப்பது மரியாதை இல்லையாம்.

கடைசிப் பந்திக்குப் பரிமாறிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். ரொட்டியும் சோறும் ஊதிப்போய் மிதந்தன. நடுவில் என் கெண்டைகள், வயிறு மேலே பார்க்க. உயிரோடு ஒன்றுகூட இல்லை. பாத்தியில் கத்திரிக்காய் மட்டும் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே மாமனார் வந்தார். எட்டிப் பார்த்தார். "கொழம்பு இல்லன்னு ஆயிப்போச்சி" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் சாகிறவரை மன்னிக்க மாட்டேன்.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "அதுங்களுக்குப் பசி இல்ல! மூச்சு முட்டுது, மூச்சு முட்டுதுன்னு எத்தன வாட்டி சொன்னேன்? சோத்தப் போட்டுப் போட்டே சாவடிச்சிட்டீங்களே!"

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மாமியார் என்னிடம் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார்.

"காலைலேர்ந்து நீ ஒண்ணும் துண்ணலியே, அதான் இப்டிக் கத்தற. வா, ஒரு வாய் சோறு போடறேன்."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சத்தம் வரவில்லை. அவர் எனக்குத் தட்டு எடுக்க உள்ளே போனார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக இறங்கினேன். எங்கே போகிறாய் என்று கணவர் கேட்டார், நான் நிற்கவில்லை. கறிக் கறை பட்ட புடவையோடு, திருவிழாக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நேராக மடத்துக்குப் போனேன். சாயங்காலத் தேருக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்து, என் கோலத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"இன்னாம்மா இது? மொதல்ல சாப்ட்டியா நீ?"

"சாப்ட்டாச்சு சிஸ்டர்" என்றேன். "வேலைக்கு வரேன்."