கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கொட்டாவி

அக்கரை அணியோடு ஆட்டம் என்று தேதி குறித்துவிட்டால் போதும், மெத்தைக் கடையில் கொட்டாவியை வைத்துக்கொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. கை தன் பாட்டுக்குப் பஞ்சை அடைக்கும், ஊசி தன் பாட்டுக்கு உறையைத் தைக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார். முதலாளிக்கு இது பழகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை முடியட்டும். அப்புறம் இவரை மனுஷர் கணக்குல சேர்த்துக்கலாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கொட்டாவி என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மின்சாரக் கட்டண ரசீதைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

தைத்து முடித்த மெத்தையில் படுத்து, புரண்டு, மேடு பள்ளம் இருக்கிறதா என்று முதுகாலேயே பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேலையை வைத்துக்கொள்வார். பின்னறையின் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும். பஞ்சுத் துகள்கள் அந்த வெளிச்சத்தில் கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அரைக்கண் மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தால் சுவர் விலகிப் புல் தெரியும், சுண்ணாம்புக் கோடு தெரியும், மஞ்சள் ஜெர்சி போட்ட அக்கரை ஆட்கள் ஒவ்வொருவராக மைதானத்துக்குள் வருவார்கள்.

பட்டப்பெயர் வந்ததும் அக்கரையோடு நடந்த ஆட்டத்தில்தான். அவருக்குக் கல்யாணமாகாத காலம். ஓர் ஓட்டலுக்கு அவசரமாக மெத்தை தைத்துக் கொடுத்துவிட்டு, விடிய விடியக் கண் விழித்த கையோடு மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கேலரியின் முதல் படியில் நின்றிருந்தார். அக்கரையின் கீப்பர், வெளியே உருண்டு போன பந்தை எடுக்க வலைக்குப் பின்னால் வந்தார். குனிந்து நிமிர்ந்தவரின் முகத்துக்கு நேராக இவர் ஒரு கொட்டாவி விட்டார். லேசுப்பட்ட கொட்டாவி இல்லை. தாடை கழன்று கையோடு வந்துவிடுமோ என்று பக்கத்தில் நின்றவர் பயந்துபோனார். அது கீப்பருக்குத் தொற்றிக்கொண்டது. பந்தை வைத்து, ஓடி வந்து, உதைக்கிற அந்த நேரம் பார்த்து அவர் வாய் பிளந்துகொண்டது. பந்து நொண்டி நொண்டிப் போய் நம் ஆள் காலடியில் நின்றது. நம் ஆள் கும்பிடு போடாத குறையாக அதை வாங்கி வலைக்குள் அனுப்பினார்.

அன்றிலிருந்து அக்கரை வந்தால் கேலரியில் கொட்டாவிதான். நம் ஆட்கள் பந்தோடு அந்தக் கோலை நெருங்கும்போது முதல் படியில் அவர் ஆரம்பிப்பார். பின்னால் இருக்கும் படிகள் வரிசை வரிசையாக வாயைத் திறந்து 'ஆஆவ்' என்று இழுக்கும். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் டிக்கெட் வாங்கி வருவதாக ஒரு பேச்சு உண்டு.

மெத்தையில் படுத்திருந்தவருக்கு ஆட்டங்கள் வரிசைப்படி வரவில்லை, ஒன்றுக்குள் இன்னொன்று கரைந்து வந்தன. மழை கொட்டிய ஆட்டத்தில் நம் இடது பக்கத்து ஆள் தன்னந்தனியாகக் கீப்பர் முன்னால் வந்து நின்றான். கேலரி நனைந்துகொண்டே கொட்டாவி விட்டது. பந்து மூலைக்கொடியில் போய் மோதியது. சாயங்கால வெயில் பொன்னாக இறங்கிய இன்னோர் ஆட்டத்தில் நம் கேப்டன் பெனால்டி அடிக்க ஓடி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தான். பந்து நேராகக் கீப்பரின் மடியில் போய் உட்கார்ந்தது. மகள் பிறந்த அன்றும் அக்கரையோடுதான் ஆட்டம். விசில் ஊதியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலிலேயே நர்ஸ் மறித்து, "முதல்ல ஸ்கோர் சொல்லுங்க, அப்புறம் என்ன குழந்தைன்னு சொல்றேன்" என்றாள். பிறகு அந்தக் குழந்தையையே தோளில் உட்கார வைத்துக்கொண்டு கேலரிக்குப் போன வருஷங்கள் வந்தன. அவர் கொட்டாவி விட்டால் தலைக்கு மேலே ஒரு சின்ன வாயும் திறக்கும். அந்தச் சூடான மூச்சு உச்சந்தலையில் படும்.

என்ன, அந்த முதல் கோலுக்குப் பிறகு அந்தப் பக்கம் கோல் விழுவதுதான் குதிரைக்கொம்பாகிவிட்டது. நம் ஆட்களுக்கு நேரம் சரியில்லை என்று ஊரே சொன்னது, அவரும் சொன்னார்.

இந்த வருஷம் கனவுக்கு நடுவில் ஒரு முள் இருந்தது. அக்கரையின் கோல் கம்பத்தில் நிற்கப் போவது அவருடைய மாப்பிள்ளை.

மகள் அங்கே போய் விழுந்த கதை வேடிக்கையானது. ஓர் ஆட்டம் முடிந்ததும், அப்பா செய்த அழும்புக்கு மன்னிப்புக் கேட்டே தீருவேன் என்று அக்கரை ஆட்களின் பஸ் வரைக்கும் போயிருக்கிறாள். கீப்பர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, "மன்னிப்பா? நாங்கதான் உங்கப்பாவுக்கு நன்றி சொல்லணும்" என்றானாம். இவ்வளவு தன்மையாகக் கிண்டல் செய்கிற ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த வருஷமே கல்யாணம். வாரநாளில் லிஃப்ட் பழுது பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமையில் கீப்பர். மருமகனாகிவிட்டதால் கொட்டாவிக்கு அவன் 'அவர்' ஆகிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மகள் கடைக்கே வந்து மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளும்மா."

"ஞாயித்துக்கிழமை நீங்க கொட்டாவி விடக் கூடாது."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் விரலால் மெத்தைத் தையலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அவரு சரியாத் தூங்கி எவ்வளவோ நாளாச்சுப்பா. கண்ணை மூடினா பந்து வருதாம். போன ஆட்டங்கள்ல கைக்குள்ள வந்ததையெல்லாம் கோட்டை விட்டுட்டாரு. இந்த ஆட்டத்துல ஒரு கோல் விழுந்தாலும் இனிமே பெஞ்சுலதான்னு கோச் சொல்லிட்டாரு. பெஞ்சுல உக்கார வெச்சா அவரு உடைஞ்சு போயிடுவாரு. எனக்குத் தெரியும். அந்தத் தூக்கக் கண்ணோட நிக்கறவருக்குப் பின்னாடி நீங்களே போய்..."

"விட மாட்டேன்" என்றார்.

வாக்குக் கொடுத்துவிட்டாரே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். அவள் துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு நான் எத்தனை வருஷமாக் கேக்கறேன்? பொண்ணு ஒரு தடவை கேட்டதும் நடந்துடுச்சு பாருங்க" என்றாள்.

சனிக்கிழமை, முதலாளியிடம் கேட்டு, இருப்பதிலேயே நல்ல பஞ்சாக எடுத்து ஒரு மெத்தை தைத்தார். தூக்கம்தானே வரவில்லை, தூக்கத்துக்கு நம்மை விட்டால் ஆள் யார் என்று அதை ஒரு சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி மகள் வீட்டுக்குப் போனார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை கதவைத் திறந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"படுத்துப் பாருங்க மாப்பிள்ளை."

"உங்க முன்னாடி எப்படி மாமா..."

"செருப்புக் கடையில நின்னுக்கிட்டு, காலை எப்படி நீட்டறதுன்னு கேப்பீங்களா? படுங்க."

மாப்பிள்ளை படுத்தார். கொட்டாவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலைமாட்டில் பஞ்சைத் தட்டிச் சரிசெய்துகொண்டே, "நாளைக்கு நீங்க எதுக்கும் பயப்பட வேண்டாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

படுத்தவர் விருட்டென்று எழுந்துவிட்டார். "ஐயோ மாமா, அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க!"

"ஏன்?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கீப்பர் எந்தப் பக்கம் பாத்து நிப்பான் மாமா?"

"மைதானத்தைப் பாத்து."

"அப்போ உங்க கொட்டாவியை யாரு பாக்கறாங்க?"

பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்த கொட்டாவியின் கை நின்றது.

"எனக்கு முதுகுல கண்ணா இருக்கு? நீங்க விட்டதை நான் ஒரு தடவைகூடப் பாத்தது இல்லை. பந்தை எடுத்துக்கிட்டு உங்களைப் பாத்து ஓடி வர்றது உங்க ஆளுங்கதான். எதிர்ல ஒரு கேலரியே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா எவனுக்குக் கால் வரும்? எங்க ஆளுங்க உங்களைப் பன்னெண்டாவது ஆள்னுதான் சொல்வாங்க. வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு கட்டுப்பாடு. உங்க பொண்ணுகிட்டகூட அன்னிக்கு நன்றின்னு சொன்னதோட சரி, அவ கிண்டல்னு நினைச்சுட்டா. உறவாயிட்டீங்க... மறைச்சு வெச்சு மறைச்சு வெச்சே எனக்குத் தூக்கம்..."

சொல்லிக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சாய்ந்தார். பேச்சு பாதியில் நின்றது, மூச்சு சீரானது. சொன்னவர் தூங்கிவிட்டார். கேட்டவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி எல்லா ஆட்டங்களையும் மறுபடி பார்த்தார். இந்த முறை கேலரியிலிருந்து பார்க்கவில்லை, மைதானத்திலிருந்து பார்த்தார். மழையில் தனியாக வந்தவன் வாயைத் திறந்தபடி உதைத்தான். பெனால்டி அடித்த கேப்டன் துடைத்தது வியர்வையை அல்ல, கொட்டாவியில் வழிந்த கண்ணீரை. வருஷக்கணக்காக நம் அணியைத் தோற்கடித்தது வேறு யாரும் இல்லை. அவருக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் எரிந்தது. யார் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிக்கொண்டோமோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் அக்கரையின் கோல் எதிர்ப்பக்கம் இருந்தது. இரண்டாவது பாதியில் மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்து நின்றார். கொட்டாவி உதட்டைக் கடித்துக்கொண்டார். "என்னண்ணே, ஆரம்பிக்கலையா?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினார். அவர் ஆரம்பிக்காததால் கேலரியும் சும்மா இருந்தது.

நம் பையன்கள் எப்படி விளையாடினார்கள் என்கிறீர்கள்! தண்ணீர் மாதிரி வந்தார்கள். உதைத்ததெல்லாம் கோலைப் பார்த்தே போனது. மாப்பிள்ளை பாய்ந்து பாய்ந்து பிடித்தார். நன்றாகத் தூங்கி எழுந்தவர் என்று அந்தப் பாய்ச்சலிலேயே தெரிந்தது. இப்படி ஓர் ஆட்டத்தை இத்தனை வருஷமாக நாமே கெடுத்தோமே என்று கொட்டாவிக்கு ஆறவில்லை. இன்றைக்காவது ஜெயிக்கட்டும் என்று மனசார நினைத்தார். அதே மூச்சில், முன்னால் நிற்கிற அந்த முதுகுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றும் நினைத்தார்.

ஆட்டம் முடிகிற தறுவாயில் ரெஃப்ரி விசில் ஊதி வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். நமக்குப் பெனால்டி. கேப்டன் பந்தைக் கையில் எடுத்தான்.

கேலரி மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. "அண்ணே, இப்ப விடலைன்னா எப்பண்ணே?"

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவே இல்லை. கையுறையை இடுப்பில் ஒரு முறை துடைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி நின்றார். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட, கேட்டதால் செய்தேன் என்று ஆகியிருக்கும். அவர் கேட்கவில்லை. சும்மா இருந்தால் போதும், நம் அணி ஜெயித்துவிடும், மகளுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். ஆனால் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் சொன்னது மட்டும்தான் அவருக்குக் காதில் கேட்டது. உடைஞ்சு போயிடுவாரு. எனக்குத் தெரியும்.

கேப்டன் ஓடி வந்தான். கொட்டாவி வாயைத் திறந்தார்.

ஒரு வாரத் தூக்கமும் அதில் இருந்தது. கேலரி கூடவே திறந்தது, படி படியாக, கடைசிப் படி வரைக்கும். கேப்டனின் முகம் கோணியது, தாடை இறங்கியது, பந்து கம்பத்துக்கு மேலே, கேலரிக்கும் மேலே பறந்து தெருவில் போய் விழுந்தது.

ஒருவரும் கோல் போடாமல் ஆட்டம் முடிந்தது. கொட்டாவியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "தொண்டை கட்டியும் உசிரைக் கொடுத்து விட்டாரே மனுஷன்! அவனுக்குக் கொடுப்பினை இல்லை, இவரு என்ன செய்வாரு" என்று சொல்லி ஆட்கள் அவரைத் தட்டிக் கொடுத்தார்கள். தன் அணிக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தார்கள். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

வாசலில் அக்கரையின் பஸ் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

"வாக்குக் கொடுத்தீங்களேப்பா! பெத்த பொண்ணை விட அந்தக் கேலரிதான் பெருசாப் போச்சா? பந்து வெளியில போனது அவரோட அதிர்ஷ்டம். நீங்க கவுக்கத்தானே பாத்தீங்க?"

மாப்பிள்ளை அவசரமாக முன்னால் வந்தார். "இரு, மாமா வந்து..."

கொட்டாவி லேசாகத் தலையசைத்து வேண்டாம் என்றார். கேலரிக்காரர்கள் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக நனைந்தும் காய்ந்தும் வாயைத் திறந்த அவ்வளவு பேரிடமிருந்தும் அந்த நம்பிக்கையைப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. "அண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒருவன் கத்தினான். "பாத்துக்கலாம்" என்றார்.

மகள் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைப் பஸ்ஸின் உள்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை. அந்த முதல் கொட்டாவிக்குப் பிறகு இப்போதுதான் ஒரு கீப்பர் அவரை நேருக்கு நேராகப் பார்த்தார். பார்த்தபடியே, மெதுவாக, மரியாதையாக, ஒரு கொட்டாவி விட்டார்.

பஸ் நகர்ந்தது. கோபம் கொஞ்சமும் குறையாமல், இந்தப் பக்கம் திரும்பாமல், மகளும் வாயைத் திறந்தாள். தோளில் உட்கார்ந்திருந்தபோது திறந்த அதே வாய்தான். கொட்டாவி தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.