மருமகள் கொடுத்த ரத்தம்

“…அப்பால அதுங்க ரெண்டும் கூடப் பொறந்ததுங்க ஆயிடாதா, டாக்டரய்யா? ஒடம்புல ஒரே ரத்தம் ஓடுச்சுன்னா அண்ணன் தங்கச்சிதானே?”

வார்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்று இப்படிக் கேட்டவர் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாள். உள்ளே படுத்திருந்தவன் அவருடைய ஒரே பிள்ளை. ஜட்கா வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். ரத்தப் புற்று. அந்தப் பெயரை வார்டில் யாரும் வாயால் சொல்லமாட்டோம். ‘ரத்தம் வெளுக்கிற சீக்கு’ என்போம். மயிலாப்பூரில் எங்கள் தரும ஆஸ்பத்திரியில் இந்தச் சீக்குக்கென்றே தனியாகக் கட்டில் போட்டுக் கொடுத்தவர்கள் மாம்பலத்து ஜவுளிக்கடைக்காரர்கள். கட்டில் துடைப்பதும் வெந்நீர் சுமப்பதும் என் வேலை. கஞ்சி, மருந்து எல்லாம் தருமத்தில் வந்துவிடும். ரத்தம் மட்டும் சொந்தக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும்.

அன்று காலையில் முதலில் கை நீட்டியவரும் அந்த அம்மாள்தான். டாக்டர் கண்ணாடித் துண்டில் தாய் ரத்தத்தையும் பிள்ளை ரத்தத்தையும் கலந்து பார்த்தார். பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாகப் போயிற்று. மருமகளுடையது சேர்ந்துகொண்டது.

“பத்து மாசம் சொமந்தவ ரத்தம் ஆவாதாம், நேத்து வந்தவளுது ஆவுதாம்!” என்று அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருத்தம் ஆறுவதற்குள், புருஷனும் பெண்டாட்டியும் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்களோ என்ற இந்தப் பயம் வேறு வந்து உட்கார்ந்துகொண்டது.

மருமகளோ கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டாள். “அத்தே சரின்னு சொல்லட்டும்” என்றாள். அவளுக்கும் அதே பயம்தான். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

டாக்டர் ஒளிக்கவில்லை. “அடியோட குணமாக்க எங்கிட்ட மருந்து இல்லம்மா. ரத்தம் ஏறினா எழுந்து உட்காருவான், நாலு வாய் சாப்பிடுவான், உங்களோட பேசுவான். ஏறலேன்னா இன்னிக்குப் பொழுதைத் தாண்டறதே கஷ்டம்.”

வாளியோடு வந்த ஆயா சும்மா போகவில்லை. “இன்னாம்மே பேசறே? தெனம் மாட்டுப்பால் குடிக்கிறியே, கன்னுக்குட்டி உனுக்குத் தம்பியா?”

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். அம்மாள் சிரிக்கவில்லை. “பாலு வயித்துக்குப் போவுது. இது நரம்புல போவுது. கம்னு போ.” ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அப்போது, ஈறில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளை பேசினான். “எம்மா, கத்தாதம்மா. அவ பயந்துக்கினு கீறா பாரு.”

அம்மாள் வாசலை விட்டு விலகினார். “ஏத்துங்க” என்றார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தோம்.

மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். எடுத்த ரத்தம் புட்டியிலிருந்து அவனுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஊசியை உருவியபோது அவன் உதட்டில் லேசாகச் சிவப்புத் தட்டியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

அம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் புது மஞ்சள் கயிறு. கோயில் கடைத்தெரு வரைக்கும் போய் வாங்கி வந்திருக்கிறார். மருமகளின் தாலியை அதில் கோத்து மகன் கையில் கொடுத்தார். “இப்போ கட்டுடா நைனா. ரத்தம் ஏறினப்பொறவு கட்னா, புதுசா கட்ன கணக்கு. கடைசியா வந்த ஒறவுதான் நிக்கும். அப்பால எவன் இன்னா சொல்றான்னு பாக்கறேன்.”

அவன் ஒரு முடிச்சுப் போட்டான். நாத்தனார் போடவேண்டிய மற்ற இரண்டு முடிச்சையும் அந்த அம்மாளே மருமகளின் பின்னால் நின்று இறுக்கிப் போட்டார்.