மார்ச் மாதச் சம்பளம்

சினோப் ஊரின் இறைச்சி ஆலையில், எலும்பெடுக்கும் வரிசையில் ஒன்பது வருடம் நின்றவன் ஜுசேலியோ. குளிரறை, கையில் கத்தி, ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் மாட்டுத் தொடைகள். மாதம் இரண்டாயிரத்து நூறு ரெயால். வலது மணிக்கட்டு வீங்கிப்போய், காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுவிட மனைவி ரொசினேயாவைக் கூப்பிட வேண்டி வந்தபோதுதான் அவன் லாரியைப் பற்றி நினைக்க ஆரம்பித்தான்.

நினைக்க வைத்தவன் ஒடாயிர், ரொசினேயாவின் அண்ணன். பதினான்கு வருடமாகத் தானிய லாரி ஓட்டுகிறவன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா சுல்மிராவின் வீட்டுக்கு முழுப் பன்றித் தொடையோடு வருவான். அம்மாவுக்குச் செருப்பு, தங்கைக்கு செண்ட். யாராவது சம்பளம் கேட்டால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டே, "ஒன்பதாயிரம். அதுக்குக் கீழன்னா லாரியத் தொடவே மாட்டேன்" என்பான். அந்தத் தொகையைத் தேவாலயத்திலும் மளிகைக் கடையிலும் சொல்லிப் பரப்புவது சுல்மிராவின் வேலை.

ஜுசேலியோ மோட்டார் சைக்கிளை விற்றுப் பயிற்சிக்குக் கட்டினான். கனரக உரிமம் கைக்கு வந்த அன்று ரொசினேயா அதைப் பிரிட்ஜின் மேல், மாதா படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். அதே வாரம், ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்திருந்த மனைகளில் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தார்கள். மாதத் தவணை ஆயிரத்து நானூறு.

"ஒன்பதுல இது போனா தெரியவா போகுது?" என்றாள் ரொசினேயா.

போன இடமெல்லாம் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். கடைசியில் ஒடாயிர்தான் தன் கம்பெனியில் பேசி வாங்கிக் கொடுத்தான். மேற்பார்வையாளர் வால்மோர் ஜுசேலியோவை நிற்க வைத்தே பேசினார்.

"அடிப்படை ரெண்டாயிரத்து இருநூறு. மேல நடைக்கு நடை கமிஷன்."

"மாசம் எத்தனை நடை வரும் ஐயா?"

"துறைமுகத்துல எவ்வளவு சீக்கிரம் இறக்குறாங்களோ அத்தனை. புதுசா வந்தவனுக்குப் பழைய வண்டிதான். மூவாயிரம் வந்தா சந்தோஷப்படு."

ஜுசேலியோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். முதலாளியின் ஆட்கள் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று ஒடாயிர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தான். அந்த வருடம் முழுக்க அவனிடம் உண்மை பேசிய ஒரே ஆள் வால்மோர்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

மிரிதிதூபா ஆற்றுத் துறைமுகத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர். போய்ச் சேர இரண்டு நாள். இறக்க வரிசையில் மூன்று நாள். வரிசையில் நிற்கும் நாளுக்குக் காசு கிடையாது. ஏற்றியதில் எண்பது கிலோ மக்காச்சோளம் குறைந்தால் அது ஓட்டுநரின் தலையில். முதல் மாதம் கையில் வந்தது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

ரொசினேயா கைப்பேசியில் வங்கிக் கணக்கை உற்றுப் பார்த்தாள். "மீதி எப்ப வரும்?"

"அவ்வளவுதான் மொத்தமே."

"அதே கம்பெனி, அதே ரோடு. அண்ணனுக்கு ஒன்பது, உனக்கு மூணா? மிச்சத்த எந்த ஊர்ல இறக்குன?"

"இந்தா, சம்பளச் சீட்டப் பாரு."

"எங்கப்பாவும் மாசாமாசம் சீட்டு காட்டுனாரு. செத்தப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னொரு வீட்டுலயும் அழுறாங்கன்னு."

அன்றிலிருந்து அவள் அவனுக்குப் பித்தான் போட்டுவிடுவதை நிறுத்தினாள். சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொள்ள அவன் பழகினான். மனைத் தவணை ஒன்று தவறியது, பிறகு இன்னொன்று.

டிசம்பரில் துறைமுக வரிசையில் ஒடாயிரின் லாரி நான்கு வண்டிக்கு முன்னால் நின்றது. டிரெய்லரின் பக்கவாட்டிலிருந்த சமையல் பெட்டியைத் திறந்து, கதவையே மேசையாகப் போட்டு, உப்புக்கண்டம் போட்ட சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"மச்சான், போன மாசம் உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"உனக்கு எவ்வளவு?"

"மூவாயிரத்து நூறு."

"பரவாயில்லையே, தேறிட்ட!"

"விளையாடாத. ஒன்பதாயிரம்னு சொன்னியே?"

"வந்துச்சு மச்சான், சத்தியமா. மார்ச்சுல. சோயா அறுவடை, ராத்திரி பகல் பாக்காம ஓட்டுனேன்."

"எந்த மார்ச்சு?"

ஒடாயிர் கரண்டியைத் தட்டினான். "நாலு வருஷம் முன்னாடி." பிறகு அவனே சிரித்தான். "லாரிக்காரன்கிட்ட சம்பளம் கேட்டா மார்ச்சத்தான் சொல்லுவான். இந்த வரிசைல நவம்பரச் சொல்றவன் ஒருத்தனைக் காட்டு, லாரிய உன் பேருக்கே எழுதித் தரேன்."

"லாரி உன்னுதா?"

"இல்லையே. அந்தத் தைரியம்தான்."

ஜுசேலியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் தங்கச்சி என்னை நம்ப மாட்டேங்குறா. எனக்கு இன்னொரு வீடு இருக்குன்னு நெனைக்குறா. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒடாயிர் சோற்றைக் கிளறினான். "கிறிஸ்துமஸுக்குச் சொல்றேன்" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு வந்தான், பன்றித் தொடையோடு. சுல்மிராவின் தங்கை சம்பளம் கேட்டாள். தாளம் தட்டிக்கொண்டு, "ஒன்பதாயிரம்" என்றான். எதிரே உட்கார்ந்திருந்த ஜுசேலியோவின் கண்ணைப் பார்க்காமல், வறுத்த மரவள்ளி மாவை அவன் பக்கம் நகர்த்தினான். கிளம்பும்போது வாசலில் தோளைத் தொட்டு, "அம்மா மூஞ்சியப் பாத்தல்ல? ஜனவரியில சொல்லிடுறேன் மச்சான்" என்றான்.

ஜனவரியில் முதல் சோயா அறுவடை. சுமை ஏற்றி முடிக்கையில் மழை பிடித்துக்கொண்டது. தானியம் நனையாமல் இருக்கத் தார்ப்பாயைக் கட்ட மேலே ஏறிய ஒடாயிர் வழுக்கி, நான்கு மீட்டர் உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான். ஆம்புலன்ஸ் வரும்போது மூச்சில்லை.

லாரியைக் காலி செய்து கொடுக்கச் சொல்லி வால்மோர் ஜுசேலியோவிடம்தான் சாவியைத் தந்தார். போர்வை, செருப்பு, பாதி செண்ட் பாட்டில். சமையல் பெட்டியில் மாவு டப்பாவுக்கு அடியில் நான்காய் மடித்த நவம்பர் மாதச் சம்பளச் சீட்டு. மூவாயிரத்து இருநூற்றுப் பத்து. பதினான்கு வருட அனுபவத்துக்கு, ஜுசேலியோவை விட நூற்றுப் பத்து ரெயால் கூடுதல்.

அடுத்தே இன்னொரு காகிதம்: பன்றித் தொடை வாங்கிய கடையின் தவணை ரசீது, பத்தில் முதலாவது. அதை அவன் கிழித்துப் போட்டான்.

ஏழாம் நாள் பூசைக்குப் புறப்படும்போது சம்பளச் சீட்டை ரொசினேயாவின் முன் வைத்தான். அவள் அண்ணனின் பேரைப் படித்தாள்; மாதத்தைப் படித்தாள்; தொகையின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மாகிட்டக் காட்டுனியா?"

"இல்ல."

"காட்டாத."

சீட்டை மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். எழுந்து வந்து, ஐந்து மாதத்துக்குப் பிறகு, அவன் சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பித்தானில் மட்டும் அவள் கை கொஞ்ச நேரம் நின்றது.

பூசை முடிந்து வாசலில் உறவுக்காரர்கள் சூழ்ந்து நிற்கையில் சுல்மிரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ள எப்படிச் சம்பாதிச்சான்! ஜுசேலியோவுக்கு இப்ப எவ்வளவு வருது?"

ரொசினேயா புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒன்பது வருதும்மா. அண்ணன் மாதிரியே."

சுல்மிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப கல்லறை செலவ மருமகனே ஏத்துக்கட்டும். கறுப்புக் கிரானைட்டா இருக்கணும். அவ்வளவு சம்பாதிச்சவன் வெறும் மண்ணுல கெடக்கக் கூடாது."

எல்லோரும் ஜுசேலியோவைப் பார்த்தார்கள்.

"சரி அத்தை" என்றான்.

கல்லறைச் செலவுக்காக, பிப்ரவரி முதல் வாரத்தில் மனையைத் திருப்பி எழுதிக் கொடுத்தார்கள். மார்ச் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.