அக்கா பதில் பேச முடியாத அரை மணி நேரம்

ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். கறுப்புக் கோட்டு போட்டவள் இல்லை. ஆட்களைக் குகை மாதிரியான இயந்திரத்துக்குள் அனுப்பிப் படம் எடுக்கிற டெக்னீஷியன். அந்தப் பட்டப்பெயர் ஓர் ஆறு பாக மாயக்கதை நாவலால் வந்தது. அதில் யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு மல்லுக்கு நிற்பாள்.

எதிர்க்கட்சி வெளியில் இல்லை, சொந்த அக்காதான். அக்காவும் நாவலைக் கரைத்துக் குடித்தவள், ஆனால் அதைச் சினிமாப் படமாக எடுத்ததுதான் உசத்தி என்பாள். சண்டை ஒரே ஒரு கண்ணாடியைப் பற்றியது. எந்த ஊருக்கும் ஓர் அடியில் போய்ச் சேரக்கூடிய மாயக்கண்ணாடி ராணியிடம் இருக்கும்போது, நாயகன் ஏன் சாம்பல் பாலைவனத்தை நடந்தே கடக்கிறான்? நாவலில் காரணம் உண்டு: கண்ணாடிக்குள் நுழைகிறவனுக்குப் பெற்ற தாயின் முகம் மறந்துபோகும். படத்தில் அதைச் சொல்லும் காட்சியையே வெட்டிவிட்டார்கள்.

"அந்த ஓட்டையில யானையே போகலாம்" என்பாள் தங்கை.

"ராணி கண்ணாடியப் பார்த்துட்டு தலைய குனியறாளே, அதுல புரியலயா? உனக்கு எல்லாத்தையும் ஊட்டிவிடணும்" என்பாள் அக்கா.

இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் இதே பாட்டுதான்.

இந்த நிலையில் அக்காவுக்குத் தலைவலி வந்து, மாதக்கணக்கில் விடவில்லை. ஸ்கேன் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். இரண்டு முறை உள்ளே போன அக்கா, இரண்டு முறையும் அலறியடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது முறை தங்கைக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அக்காவைப் படுக்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பக்கத்து அறையில் மைக்கைப் பிடித்தாள்.

"அக்கா, இன்னிக்கு நான் பேசுவேன், நீ கேப்ப. வாயத் திறந்தா படம் கலைஞ்சிடும்."

கரும்பு தின்னக் கூலி வேறு! இயந்திரம் தடதடத்து ஓயும் ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தச் சினிமாவை வெளுத்து வாங்கினாள். அக்காவின் கால் கட்டைவிரல் கோபத்தில் துடிப்பது தெரிந்தது. பயத்தைக் காணோம். தங்கைக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

திடீரென்று அபாய மணி அடித்தது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அக்கா அமுக்கிவிட்டாள். தங்கை ஓடிப்போய் வெளியே இழுத்தாள்.

"என்னக்கா, மூச்சு முட்டுதா?"

"மூச்சாவது ஒண்ணாவது! அஞ்சாம் பாகத்துல அவனே கண்ணாடி வழியா ஒரு தடவ போறானேடி! அப்ப மட்டும் அம்மா முகம் மறக்கலயே, ஏன்?"

மறுபடி முதலிலிருந்து. பேசினால் மணி அடிக்கிறாள், பேசாவிட்டால் பயந்து ஓடிவிடுவாள். இன்றும் படம் வராவிட்டால் தலைக்குள் என்ன என்று எப்போது தெரிவது? தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கில் சொன்னாள்.

"யோசிச்சுப் பார்த்தா நீ சொல்றதுதான் சரிக்கா. ராணி தலை குனியறதுலயே எல்லாம் இருக்கு. படம்தான் உசத்தி."

உள்ளே ஓர் அசைவு இல்லை. படங்கள் துளியும் கலங்காமல் வந்தன.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா, வெறும் சைனஸ். மாத்திரையிலயே சரியாயிடும்."

தங்கைக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அக்காவோ பெஞ்சில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரும் நீயும் சேர்ந்து மறைக்கிறீங்க."

"என்னத்த மறைக்கிறோம்?"

"பொறந்ததுலேர்ந்து நீ எங்கிட்ட ஒத்துக்கிட்டதே இல்ல. இன்னிக்கு ஒத்துக்கிட்ட. அந்த ஸ்கேன் படத்துல என்னத்தடி பார்த்த?" அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"உன்ன அசையாம படுக்கவைக்கச் சொன்ன பொய் அது! தலை குனிஞ்சா பதிலாயிடுமா? செருப்புல முள்ளு குத்தினாலும்தான் தலைய குனிவாங்க! அது ஓட்டைதான். நீ நூறு வயசு வரைக்கும் கத்தினாலும் ஓட்டைதான்!"

வரிசையில் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அக்காவின் முகத்தில் மறுபடி களை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"நூறு வயசு வரைக்குமா? சரி, வா, உக்காரு. அஞ்சாம் பாகத்துக்கு நீ இன்னும் பதில் சொல்லல."